பிறர் உதவியின்றி எழுதப்பட்டது

என் தங்கை யதுசா யோகலிங்கம் இதுவரை வென்றவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். இந்தப் பிள்ளைக்குப் பல்கலைக்கழகத்துக்கு வழிவிடும் உயர்பள்ளியான கிம்னாசியம் சரிவராது என்று நான்காம் வகுப்பு ஆசிரியை எழுதிக் கொடுத்த பிறகு, தனிப் பரீட்சை எழுதிக் கிம்னாசியத்தில் இடம் பிடித்தாள். வீட்டில் தொலைபேசிப் புத்தகத்தைத் தவிர வேறு ஜெர்மன் புத்தகம் இல்லாதவள், ஆறாம் வகுப்பில் பள்ளியின் வாசிப்புப் போட்டியில் முதலாவதாக வந்தாள். கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்காத குடும்பத்தில் பிறந்து, நீச்சலில் வெள்ளிச் சின்னம் வாங்கினாள். முந்நூற்று நாற்பது பேர் விண்ணப்பித்த ஒரு கல்லூரியில் அறுபது பேரில் ஒருத்தியாகத் தெரிவானாள். அதன் பிறகு, இவை எல்லாவற்றையும் விடக் கடினமான ஒன்றை வென்றாள்: வீட்டிலிருந்து நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் தள்ளி விடுதியில் இருப்பதற்கு அம்மாவின் சம்மதம்.

ஒன்று மட்டும் குறைந்தது. இருபத்தொரு வயது வரை அவள் தன் கையெழுத்தைத் தானே போட்டதில்லை. அதை நான் போட்டேன்.

எங்கள் ஸ்டுட்கார்ட் தமிழ் மன்றத்தின் ஆண்டு மலரில் பட்டம் பெற்ற பிள்ளை ஒருவரை அறிமுகம் செய்வது வழக்கம். செயலாளர் உருத்திரமூர்த்தி அண்ணை என்னிடம் கேட்டபோது, "அரைப் பக்கம் காணும் தம்பி. படம், புள்ளி, என்ன படிச்சவ, அவ்வளவுதான்" என்றார். படத்திலும் புள்ளியிலும் பிரச்சினை இல்லை. மூன்றாவதற்கு அரைப் பக்கம் காணாது. எழுதலாமா என்று யதுசாவைக் கேட்டேன். "எழுதினா முழுக்க எழுதுங்கோ. பாதி எழுதுறதெண்டா வேண்டாம்" என்றாள். ஆகவே முழுக்க எழுதுகிறேன்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை முடித்தவன். பதினெட்டு வருடமாகக் கார் உதிரிப்பாகக் களஞ்சியம் ஒன்றில் வேலை. வரும் பெட்டிகளையும் வரும் தாளையும் ஒப்பிட்டுப் பார்த்து, லொறிச் சாரதியிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு. ஒரு பெட்டி குறைந்தாலும் லொறியை நகர விடமாட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. பின்னால் வருவதற்கு இது தேவை.

எங்கள் வீட்டில் கையெழுத்து என்பது ஒரு வேலை. குப்பையைக் கீழே கொண்டுபோவது போல அது மூத்த பிள்ளையின் வேலை. எனக்குப் பத்து வயதில் பள்ளிச் சுற்றுலாவுக்குப் பெற்றோர் சம்மதம் கேட்டு ஒரு தாள் வந்தது. அப்பா அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். நான் பள்ளிக்குப் போகும்போது அவர் நித்திரை, நான் வரும்போது அவர் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருப்பார். சப்பாத்துப் போட்டபடியே, "அதில என்ன கிடக்கெண்டு உனக்குத்தான் தெரியும். வாசிச்சவன் தானே போட வேணும்? நீயே போடு தம்பி" என்றார். அதில் ஒரு நியாயம் இருந்தது. இப்போதும் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

அன்றிலிருந்து அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று மூன்று கையெழுத்துகள் என் கையில் இருந்தன. அப்பாவுடையது வலப்பக்கம் சாயும். அம்மாவுடையதில் இரண்டு வட்டங்கள் வரும். 2009 இல் ஒரு நாள் அப்பா தனியாக வங்கிக்குப் போய்த் தன் சொந்தக் கையால் கையெழுத்துப் போட, இது உங்கள் கையெழுத்து இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்பா கோபப்படவில்லை. "அவன் சொல்லுறதும் சரிதான். உன்ரதுதான் வடிவு" என்று தாளை நீட்டினார். நான் போட்டுக் கொடுத்தேன். வங்கி ஏற்றுக்கொண்டது.

யதுசா எனக்குப் பதின்மூன்று வயது இளையவள். ஏழு வயதில் அவளுக்கு நூலக அட்டை எடுத்தோம். அட்டையின் பின்னால் விரல் நகம் அளவுக்கு ஒரு பெட்டி, அதற்குள் பிள்ளையே கையெழுத்துப் போட வேண்டும். அவள் பென்சிலால் வேறொரு தாளில் பழகிப் பார்த்தாள். எழுத்துகள் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தாளுக்கு வெளியே போயின. இருந்ததோ ஓர் அட்டை. நான் வாங்கிப் போட்டேன். முன்னால் கொக்கி போல ஒரு பெரிய எழுத்து, பின்னால் இரண்டு அலை, அடியில் ஒரு கோடு. அதை உருவாக்க எனக்கு ஒரு பின்னேரம் முழுக்க எடுத்தது. பார்த்துவிட்டு, "இதுதான் நானா?" என்று கேட்டாள். "ஓம், இதுதான் நீ" என்றேன்.

அதற்குப் பிறகு நீச்சல் வகுப்பு, பள்ளி மாற்றம், பல் வைத்தியர், பேருந்து அட்டை, கல்லூரி விண்ணப்பம் எல்லாவற்றிலும் அந்தக் கொக்கியும் இரண்டு அலையும். ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரதி எடுத்து நீலக் கோப்பில் வைத்திருக்கிறேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு இடங்கள். பதினாறு வயதில் அடையாள அட்டைக்கு மட்டும் அலுவலரின் முன்னால் அவளே போட வேண்டியிருந்தது. அவள் தன் பெயரை அச்செழுத்தில், கடைப் பெயர்ப்பலகை எழுதுவது போல, ஓர் எழுத்துக்கு ஒரு மூச்சு விட்டு எழுதினாள். அலுவலர் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் பெயரை எழுதுவது வேறு, கையெழுத்துப் போடுவது வேறு. அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

இனி அவள் படித்தது என்ன என்ற கேள்வி. நேரடியாகச் சொன்னால், எல்லாம். அந்தக் கல்லூரியில் இருநூற்று நாற்பது பேர் படிக்கிறார்கள். பழைய கன்னியர் மடம் ஒன்றின் கட்டடம், சுற்றிவர அப்பிள் மரங்கள். ஊரின் பெயரை எழுத வேண்டாம் என்று கல்லூரி சொல்லவில்லை, யதுசா சொன்னாள். அங்கே ஒருவர் ஒரு துறையைப் பிடித்துக்கொண்டு போவதில்லை. தத்துவம், உயிரியல், அரசியல், புள்ளிவிபரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் எடுத்து, கடைசியில் தனக்கு வேண்டியதில் ஒரு பெரிய ஆய்வு எழுத வேண்டும். இதற்கு லிபரல் ஆர்ட்ஸ் என்று பெயர். எங்கள் ஆட்களுக்கு இதை விளங்கப்படுத்துவது, லொறியைப் பின்பக்கமாக மாடிப்படியில் ஏற்றுவது போன்றது. ஒரு பிறந்தநாள் விழாவில் கமலநாயகி அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை இப்ப என்ன படிக்கிறா?"

"எல்லாம் படிக்கிறா அக்கா."

"எல்லாம் படிச்சு, கடைசியில என்னவா வருவா?"

"அது படிச்சு முடிச்ச பிறகுதான் தெரியுமாம்."

அம்மா பக்கத்தில் நின்றவர், தாங்க முடியாமல் இடையில் புகுந்தார். "சட்டம் எண்டு வையுங்கோவன்."

"வைக்கிறன்" என்றார் கமலநாயகி அக்கா. "ஆனா டொக்டர் எண்டு வைச்சிருந்தா நல்லது. கேக்கிறவைக்குக் கெதியா விளங்கும்."

ஒரு வெள்ளிக்கிழமை லீவு எடுத்து, அம்மா கட்டிக் கொடுத்த சாப்பாட்டோடு அங்கே போனேன். வகுப்பில் இருக்கலாம் என்றார்கள், இருந்தேன். பன்னிரண்டு பிள்ளைகளும் அல்பிரெக்ட் என்ற பேராசிரியரும் வட்டமாக இருந்தார்கள். பேராசிரியரை எல்லோரும் அல்பிரெக்ட் என்றே கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். அன்றைய கேள்வி, ஒருவருக்காக இன்னொருவர் பேசலாமா என்பது. தொண்ணூறு நிமிடம் பேசினார்கள். முடிவு எதுவும் எடுக்காமல், நல்ல வகுப்பு என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு எழும்பினார்கள். களஞ்சியத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. போகும்போது அல்பிரெக்ட் என் அபிப்பிராயத்தைக் கேட்டார். "யாருக்கு நேரம் இருக்கிறதோ அவர் பேசலாம்" என்றேன். அவர் அதைத் தன் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். யதுசா அன்று முழுவதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடந்தாள்.

அவளுடைய பெரிய ஆய்வின் பொருள், வெளிநாட்டுக் குடும்பங்களில் பெற்றோருக்காக அலுவலகங்களில் பேசும் மூத்த பிள்ளைகள். பதினான்கு மூத்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்துக் கேள்வி கேட்டாள். டுசல்டோர்ஃப் வரைக்கும் போய்வந்தாள். ஒரு வீட்டில் வளர்ந்து, எதிர் அறையில் படுத்து எழும்பிய என்னைக் கேட்கவில்லை. காரணம் கேட்டேன். "சொந்தக்காரரைக் கேக்கக் கூடாதண்ணா. முறை அப்பிடி." முறை என்றால் எனக்கு மறுபேச்சு இல்லை.

இந்த நாட்டில் மாணவர் எழுதும் ஒவ்வொரு ஆய்வின் கடைசியிலும் ஒரு பக்கம் இருக்கும். "இதை நான் சுயமாக, பிறர் உதவியின்றி எழுதினேன் என உறுதி கூறுகிறேன்" என்று அச்சடித்து, கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. அந்தப் பக்கத்தில் கையெழுத்து இல்லாவிட்டால் ஆய்வு ஒப்படைத்ததாகக் கணக்கில்லை. கல்லூரியின் அச்சு இயந்திரம் தாளைச் சாப்பிடும் என்பதால், யதுசா எழுதியதை எனக்கு மின்னஞ்சலில் அனுப்புவாள். நான் எங்கள் களஞ்சியத்துக்குப் பக்கத்துப் பிரதிக் கடையில் அச்சடித்து, கட்டி, கையெழுத்துப் போட்டு, பதிவுத் தபாலில் அனுப்புவேன். சின்ன ஆய்வுகள் ஒன்பதும் இப்படித்தான் போயின. பத்தாவதாகப் பெரிய ஆய்வும் 2023 சனவரியில் இப்படியே போனது. பிறர் உதவியின்றி என்ற அந்தப் பக்கத்தைப் பத்துத் தடவையும் முழுதாக வாசித்த பிறகே கையெழுத்துப் போட்டேன். அச்சுப்பிழை எதுவும் இருக்கவில்லை.

தேர்வு அலுவலகத்துக்குப் புதிதாக ஹென்னிங் என்ற அம்மையார் வந்திருந்தார். தாளோடு தாளை ஒப்பிட்டுப் பார்க்கும் ஆள். எங்கள் வீட்டில் பிறந்திருந்தால் எல்லாருடைய கையெழுத்தையும் அவர்தான் போட்டிருப்பார். பெரிய ஆய்வைப் பதிவு செய்யும் படிவத்தை யதுசா அவருடைய மேசையில் வைத்தே, அடையாள அட்டையில் உள்ளது போல அச்செழுத்தில் நிரப்பியிருந்தாள். ஆய்வின் கடைசிப் பக்கத்திலோ கொக்கியும் அலையும். அம்மையார் பழைய ஒன்பதையும் எடுத்துப் பார்த்தார். ஒன்பதிலும் கொக்கியும் அலையும். யதுசா என் வேலையிடத்துக்கே தொலைபேசி எடுத்தாள்.

"கடிதம் வந்திருக்கண்ணா. நான் வேற ஆரையோ கொண்டு எழுதுவிச்சிட்டு, என்ர பெயரைப் போட்டனான் எண்டு நினைக்கினம்."

"ஏன் அப்பிடி நினைக்கினம்?"

"கையெழுத்து என்ரது இல்லையாம்."

"பின்னை ஆற்றையாம்?"

"அதை அவை என்னட்டைக் கேக்கினம்."

பெப்ரவரி பதினான்காம் திகதி செவ்வாய்க்கிழமை தேர்வுக் குழு விசாரிக்கும் என்று கடிதத்தில் இருந்தது. ஆய்வு அவளுடையது என்று நிறுவப்படாவிட்டால் பத்தும் செல்லாது. ஏழு அரையாண்டுகள் படித்தது போகும், பட்டம் இல்லை.

"உண்மையைச் சொல்லுவம்" என்றேன்.

"சொன்னாக் கையெழுத்துப் பொய். சொல்லாட்டி எழுத்துப் பொய். எது வசதி எண்டு நீங்களே பாருங்கோ."

வீட்டில் சொல்ல வேண்டி வந்தது. அம்மாவுக்குக் குற்றம் எது என்றே விளங்கவில்லை. "எல்லாத்துக்கும் நீதானே போடுறனீ. இதுக்கு மட்டும் என்ன வந்தது?" அப்பா, "அப்ப நான் போட்டிருந்தாச் சரியா இருந்திருக்குமோ?" என்று கேட்டார். அம்மாவுக்கு வந்த கோபம் முழுவதும் அப்பாவின் பக்கம் போனதால் நான் தப்பினேன்.

பதினான்காம் திகதி நீலக் கோப்பையும் எடுத்துக்கொண்டு போனேன். விசாரணை அறைக்கு வெளியே இருப்பதற்கு ஒரு நீண்ட மர வாங்கு. கன்னியர்கள் காலத்து வாங்காக இருக்க வேண்டும், சாய முடியாது. இருவரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு இருந்தோம்.

"உன்ர ஆய்வில கடைசியா என்ன முடிவு எழுதினனீ?" என்று கேட்டேன். பேச்சுக்காகத்தான்.

"பதினாலு பேரும் ஒரு கதைதான் சொன்னவை. நான் செய்யாட்டி ஆர் செய்யிறது எண்டு. ஆனா இளையவை என்ன செய்யினம் எண்டு ஒருத்தரும் சொல்லேல்லை."

"இளையவை என்ன செய்யினம்?"

"ஒண்டும் செய்யேல்லை" என்றாள். "செய்ய விட்டாத்தானே."

அதற்கு மேல் நான் பேச்சுக்காக எதையும் கேட்கவில்லை.

உள்ளே மூன்று பேர். தலைவராக அல்பிரெக்ட், மாணவர் பிரதிநிதியாக ஓர் இளைஞன், பக்கத்தில் ஹென்னிங் அம்மையார். நான் நடந்ததை வரிசையாகச் சொன்னேன். நூலக அட்டையிலிருந்து தொடங்கினேன். கோப்பை மேசையில் வைத்து, "இருநூற்றுப் பதினான்கு இடங்கள். உங்களிடம் உள்ள பத்தும் இதற்குள் அடங்கும்" என்றேன். ஹென்னிங் அம்மையார் பக்கங்களைப் புரட்டினார். ஆண்டு வாரியாக நான் வைத்திருந்த நிறத்தாள்களில் விரல் வைத்துப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒரு மரியாதை வந்ததைக் கண்டேன். எனக்கு அது உதவாது என்பதும் தெரிந்தது.

ஒரு வெற்றுத் தாளில் போட்டுக் காட்டச் சொன்னார்கள். போட்டேன். மாணவர் பிரதிநிதி சிரித்துவிட்டு, சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டான்.

பிறகு மூவரும் தங்களுக்குள் பேசத் தொடங்கினார்கள். எழுதியது உண்மையாக அவளுடையதாக இருந்தால், அந்தப் பக்கம் சொல்வதும் உண்மை. உண்மையான ஒன்றின் கீழ் பொய்யான கையெழுத்து இருந்தால் அது பொய்யா? அல்பிரெக்டுக்கு இந்தக் கேள்வி மிகவும் பிடித்துவிட்டது. நாற்பது நிமிடம் போனது. களஞ்சியத்தில் தவறான ஆள் கையெழுத்துப் போட்டால் சரியான ஆளைக் கூப்பிட்டுத் திரும்பப் போடுவிப்போம், நான்கு நிமிடம். சொல்லவில்லை.

ஹென்னிங் அம்மையார்தான் விஷயத்துக்கு வந்தார். "கையெழுத்தை இவ்வளவு திருத்தமாகப் போடுபவர் ஆய்வையும் எழுதியிருக்க முடியாதா?"

அல்பிரெக்ட் என் பக்கம் திரும்பினார். "உங்கள் தங்கையின் ஆய்வு என்ன சொல்கிறது?"

"அறுபத்தொரு பக்கம்" என்றேன். "முப்பத்தெட்டாம் பக்கத்தின் கீழ்ப்பாதி வெறுமை. இடப்பக்க ஓரம் மூன்று சென்ரிமீற்றர். அடிக்குறிப்பு நூற்றுப் பன்னிரண்டு, எண்கள் ஒழுங்காக வருகின்றன."

"உள்ளே என்ன இருக்கிறது?"

"நான் உள்ளே வாசிக்கவில்லை."

"எதையுமே?"

"கடைசிப் பக்கத்தை வாசித்தேன். பிறர் உதவியின்றி என்ற பக்கத்தை."

அவர் வேறு வழிகளிலும் கேட்டுப் பார்த்தார். மூன்றாம் அத்தியாயத்தின் தலைப்பு என்ன, அதில் வரும் ஒரு சொல்லுக்கு என்ன பொருள், யாருடைய வாதத்தை அவள் மறுக்கிறாள். எதற்கும் என்னிடம் பதில் இல்லை. வாங்கில் அவள் சொன்ன ஒரு வாக்கியம் தெரியும், ஆனால் அது ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால்தான் கேட்டது. அதைச் சொல்வது நேர்மையில்லை. பிறகு அவளிடம் கேட்டார்கள். அவள் ஏறக்குறைய இருபது நிமிடம் பேசினாள். ஆய்வு எழுதிய மொழியான ஆங்கிலத்தில் பேசியதால் எனக்குப் பாதிதான் விளங்கியது. தாளைப் பார்க்காமல் பேசினாள். இடையில் அல்பிரெக்ட் ஒன்றை மறுக்க, அவள் அவரை மறுத்தாள். அவர் குறிப்புப் புத்தகத்தை எடுத்தார்.

இந்த ஆய்வில் எனக்கு எந்தத் தொடர்பும் இருக்க முடியாது என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. என் வாழ்க்கையில் ஒரு குழு என்னைப் பற்றி ஒருமனதாகத் தீர்மானித்தது அன்று மட்டும்தான். அதில் எனக்கு வெட்கமும் இருந்தது, ஒளிக்கவில்லை. என் தங்கை அறுபத்தொரு பக்கம் எழுதியிருக்கிறாள், நான் ஓரத்தை அளந்திருக்கிறேன்.

யதுசாவின் கோப்பில் ஓர் எழுத்து மூலக் கண்டிப்பு வைக்கப்பட்டது. பத்து உறுதிமொழிகளையும் அவள் அங்கேயே, அவர்கள் முன்னால், புதிதாகக் கையெழுத்திட்டால் பத்தும் செல்லும் என்றார்கள். ஹென்னிங் அம்மையார் பத்துத் தாள்களை அடுக்கிப் பேனாவை வைத்தார்.

யதுசா பேனாவை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் கோப்பைப் பார்த்தேன். அவளுடைய கை முதல் தாளில் கொக்கியைப் போட்டது. அலைக்குப் போகுமுன் நின்றது.

"இது திரும்பவும் அவருடையது" என்றார் ஹென்னிங் அம்மையார்.

"எனக்கென்று ஒன்று இல்லை" என்றாள் யதுசா. "ஒரு தாளில் பழகிப் பார்க்கலாமா?"

"பழகிப் பார்ப்பது கையெழுத்து ஆகாது. போடுங்கள். எப்படி வந்தாலும் உங்களுடையதுதான்."

கெடுத்த தாளுக்குப் பதிலாக வேறொரு தாள் வந்தது. யதுசா பேனாவை இடக்கைக்கு மாற்றி, திரும்ப வலக்கைக்கு எடுத்தாள். பிறகு சட்டென்று, நிறுத்தாமல் போட்டாள். சின்னது. கோட்டைத் தொடாமல் மேலே நின்றது. அலையும் இல்லை, அடிக்கோடும் இல்லை. கடைசி எழுத்து வால் போல ஒரு பக்கமாகப் போய் முடிந்தது. எனக்குப் பிடிக்கவில்லை. கோட்டில் வை என்று சொல்ல வாய் எடுத்தேன், சொல்லவில்லை. என்னைக் கேட்டால், அன்று அவளுக்கு நான் செய்த உதவி அது ஒன்றுதான்.

பத்தாவது தாளுக்கும் முதல் தாளுக்கும் அவ்வளவு ஒற்றுமை இல்லை. ஹென்னிங் அம்மையார் ஒப்பிட்டுப் பார்த்து, ஏற்றுக்கொண்டார். அந்தக் கோடையில் யதுசா 1.3 புள்ளியோடு (இங்கே 1 தான் அதியுயர்வு) பட்டம் பெற்றாள். படம் இத்துடன் இருக்கிறது. உருத்திரமூர்த்தி அண்ணை இதையெல்லாம் போட வேண்டாம் என்கிறார். மலரை வாசிக்கும் வீடுகளில் பாதியில் நீலக் கோப்பு இருக்கிறதாம். இருக்கட்டும். அவளைக் கேட்டு எழுதியிருக்கிறேன், இந்த முறை அச்சுக்குப் போகுமுன் அவளே வாசித்துச் சம்மதப் படிவத்தில் தானே கையெழுத்திடுவாள்.

முதல் தாளின் பிரதியை ஹென்னிங் அம்மையாரிடம் கேட்டு வாங்கி, கோப்பின் கடைசியில், இருநூற்றுப் பதினான்குக்குப் பின்னால், எண் இடாமல் வைத்திருக்கிறேன். கையெழுத்துக்குக் கீழே திகதியையும் அவளே எழுதியிருக்கிறாள்: 14 பெப்ரவரி 2023.